கூடுதல் ஆள்

"மாத்து!"

பின்னால் இடது பக்கம் பிடித்திருந்த பாட்டுக்காரன் கத்தினான். அந்தச் சொல் காதில் விழுந்ததும் ஸ்ட்ரெச்சரைத் தரையில் வைக்காமலே நான்கு பேரும் பக்கம் மாற வேண்டும். வலக்கை ஓய்ந்தவன் இடக்கைக்கு, இடக்கை ஓய்ந்தவன் வலக்கைக்கு. முன்னால் இருந்த இருவரும் மாறிவிட்டார்கள். பின்னால் வலது பக்கம் பிடித்திருந்த நெட்டையன் ஏணி மட்டும் அசையவில்லை. அவன் அசையாததால் பாட்டுக்காரனும் நின்ற பக்கத்திலேயே நிற்க வேண்டியதாயிற்று.

"டேய் ஏணி, மாறுடா. என் கை கழண்டு விழப்போகுது."

"விழுந்தா எடுத்துக்கலாம். நட."

"யாரு எடுக்குறது? நீயா? நீ குனிஞ்சு ஒரு துரும்பு எடுத்து நான் பார்த்து நாளாச்சு."

"உங்க சண்டைய அப்புறம் வெச்சுக்குங்கப்பா," என்றான் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த மூட்டை. "இங்க ஒருத்தன் குண்டடி பட்டுச் செத்துக்கிட்டிருக்கேன். கொஞ்சமாவது மரியாதை வேணாமா?"

"செத்தவன் வாயை மூடு. உன்னைத் தூக்குறதே பெரும்பாடு. உன் பேச்சையும் சேர்த்துத் தூக்கணுமா?"

முன்னால் பிடித்திருந்த இருவரும் சிரிக்கவில்லை. அவர்கள் எதற்குமே சிரிப்பதில்லை. தலையைக் குனிந்துகொண்டு இழுப்பதால் அவர்களுக்கு மாடுகள் என்று பெயர். மூட்டை, குழுவிலேயே கனமானவன். அவனைத் தூக்கிவிட்டால் யாரையும் தூக்கிவிடலாம் என்பதற்காகவே தினமும் அவனை அடிபட்டவனாகப் படுக்கவைத்தார்கள்.

இவர்களுக்குப் பக்கத்தில், முதுகில் மருந்துப் பையோடு ஓடிவந்துகொண்டிருந்தவன் மாப்பிள்ளை. ஊரில் எல்லாருக்கும் அல்ல, ஏணிக்கு மட்டும்தான் அவன் மாப்பிள்ளை. ஏணியின் தங்கையைக் கட்டியவன். ஆனால் ஏணி வாய் ஓயாமல் "மாப்ள, மாப்ள" என்று கூப்பிட்டதில் முகாம் முழுவதும் அதையே பிடித்துக்கொண்டது. பயிற்சி கொடுக்கும் வாத்தியார்கூட ஒருநாள் வாய் தவறி, "அந்த மாப்பிள்ளையைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு, பிறகு அதை மறைக்க எல்லாரையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார்.

போர்முனைக்கு அனுப்புவதற்கு முன் கொடுக்கிற கடைசிப் பயிற்சி அது. சரக்கு ஏற்றும் இரும்புப் பெட்டிகளை அடுக்கி ஒரு பொய் ஊர் கட்டியிருந்தார்கள். பலகைக் கதவுகள், கண்ணாடி இல்லாத ஜன்னல்கள், துணி காயாத கொடிக்கயிறுகள். பகலெல்லாம் அந்தக் கதவுகளை உதைத்துத் திறப்பார்கள். சாயங்காலம் அவர்களே உட்கார்ந்து ஆணி அடித்து மறுபடி பொருத்துவார்கள். புகைக்குப்பி வெடிக்கும், வெற்றுத் தோட்டா வெடிக்கும், யாராவது ஒருவன் விழுவான், தூக்கிக்கொண்டு சரிவில் ஏறி மேட்டில் நிற்கும் வண்டியில் ஏற்றுவார்கள். ஏற்றியதும் விழுந்தவன் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு இறங்கி வருவான். மறுபடி முதலிலிருந்து.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கூடுதல் ஆள் உண்டு. எல்லாரும் ஓடுவதை அவனும் ஓட வேண்டும், எல்லாரும் போட்டுக்கொள்ளும் ஊசியை அவனும் போட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் குழு கிளம்பும்போது அவன் கிளம்பமாட்டான். குழுவில் யாராவது ஒருவன் கழன்றுகொண்டால் மட்டும் அந்த இடத்தில் அவன் போவான். இந்தக் குழுவின் கூடுதல் ஆள் மாப்பிள்ளை.

"டிக்கெட்டும் வாங்கி, பாப்கார்னும் வாங்கி, வாசல்லயே நிக்கிறவன்டா நீ," என்று மூட்டை அவனைக் கிண்டல் செய்வான்.

"நிக்கிறேன். படம் எப்படின்னு நீங்க வந்து சொல்லுங்க," என்பான் மாப்பிள்ளை.

அப்படிச் சொல்லும்போதெல்லாம் ஏணிக்கு மனசு அமைதியாகும். முட்டி மட்டும் அமைதியாகாது.

முட்டி போனது லாரியிலிருந்து குதித்தபோது. முழுச் சுமையோடு, ஓடுகிற லாரி முழுதாக நிற்பதற்குள் குதிக்கிற பயிற்சி. எல்லாரும் குதித்தார்கள், அவனும் குதித்தான். வலது முட்டிக்குள்ளே எதுவோ பச்சைக் கொம்பு முறிகிற மாதிரி முறிந்தது. எழுந்தான், ஓடினான். அன்று சாயங்காலம் அது பூசணிப் பிஞ்சு அளவுக்கு வீங்கியிருந்தது. பழைய பனியனைக் கிழித்து இறுக்கிக் கட்டினான். யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து ஸ்ட்ரெச்சரின் வலது பின்மூலையை விட்டு அவன் நகர்ந்ததில்லை. அங்கே நின்றால்தான் பாரம் இடக்கையில் தொங்கும்; இடக்கால் அதை வாங்கிக்கொள்ளும்.

மற்ற நேரமெல்லாம் அவனுக்கு நாடகம்தான். விசில் ஊதுவதற்கு முன்பே எழுந்து, போர்வைக்குள்ளேயே பல்லைக் கடித்துக்கொண்டு காலை மடக்கி மடக்கிப் பழக்குவான். கக்கூஸில் உட்கார முடியாது. தண்ணீர்க் குழாயைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஒரு காலை நீட்டி, சர்க்கஸ்காரன் மாதிரி காரியத்தை முடிப்பான். அணிவகுப்பில் பூட்ஸ் கயிறு அவிழ்ந்தால் அவ்வளவுதான், அப்படியே விட்டுவிடுவான். அதற்காக இரண்டு முறை திட்டும் வாங்கினான்.

சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன்னால் போனைக் கையில் கொடுப்பார்கள். தங்கைதான் முதலில் கூப்பிடுவாள்.

"என்னம்மா பண்றே?"

"என்ன பண்ணுவேன்? படுத்திருக்கேன். எழுந்திருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்களே. கூரையில ரெண்டு பல்லி ஓடுதுண்ணா. ஒண்ணு அம்மா மாதிரியே குண்டு."

"அம்மா காதுல விழப்போகுது."

"விழட்டும், பல்லிக்குக் கோபம் வராம இருந்தா சரி."

போன முறை குழந்தை வயிற்றில் தங்காமல் போனது. அதனால் இந்த முறை டாக்டர் அவளைப் படுக்கையோடு கட்டிப்போட்டு வைத்திருந்தார். பயந்தாலும் ஆகாது, அழுதாலும் ஆகாது என்று சொல்லியிருந்தார்கள். அவள் சிரிக்கவைத்துப் பேசுவாள். பேசி முடிக்கும் இடத்தில் குரல் மெலியும்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"உங்க கூட்டத்துல யாருக்கும் காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்லையே?"

"எல்லாரும் கல்லு மாதிரி இருக்கோம்."

"அப்படியே இருங்க. யாரும் விழுந்துடாதீங்க. ஒருத்தர் விழுந்தா அந்த இடத்துல என் வீட்டுக்காரர் போயிடுவாரு."

"யாரும் விழமாட்டாங்க. நான் பாத்துக்கிறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. ஏம்மா, நான் போறேனே, எனக்காக அழமாட்டியா?"

அவள் தலையணையைச் சரிசெய்துகொள்ளும் சத்தம் கேட்டது.

"உனக்காக அழுதுட்டுதான் இருக்கேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து அழ எனக்கு உடம்புல தெம்பு இல்லண்ணா."

ஏணி போனை வைத்துவிட்டு வந்து சாப்பாட்டு வரிசையில் நின்றான். முன்னால் நின்ற மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான்.

"என்ன சொல்றா?"

"பல்லியை எண்ணிட்டிருக்கா."

"எங்கிட்டயும் அதையேதான் சொன்னா. எனக்கு மூணு பல்லின்னா. புருஷனுக்கு ஒண்ணு கூடுதல் போல." அவன் சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினான். பிறகு மூக்கை உறிஞ்சினான். "என்ன மச்சான், உன்கிட்டேருந்து தைலம் மணக்குது?"

"தோள்பட்டை. மூட்டையைத் தூக்குறேன்ல."

"தோளைக் காட்டு, பாக்கிறேன்."

"போடா, நீ பெரிய டாக்டரு. வரிசை நகருது பாரு."

கல்யாணத்துக்கு முன் இருவரும் ஒரே தகரக் கூரைக்குக் கீழே பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர்கள். லீவில் ஏணிதான் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போனான். வீட்டில் தங்கைக்கு முன்னால் "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்பதும், தெருமுனை தாண்டியதும் "டேய்" என்பதும் பழகிப்போயிருந்தது. பொய் சொல்வதுதான் இன்னும் பழகவில்லை.

பாட்டுக்காரனை ஏமாற்ற முடியவில்லை. குளிக்கும் இடத்தில் அவன் சோப்பு நுரையோடு ஏதோ முனகிக்கொண்டே வந்தவன், ஏணியின் காலைப் பார்த்ததும் பாட்டை நிறுத்திவிட்டான்.

"என்னடா இது?"

"இடிச்சுக்கிட்டேன்."

"எதுல? ரயில்லயா?"

"மெதுவா பேசு."

"டாக்டரம்மா கிட்ட போ. இப்பவே போ."

"போனா அவங்க என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். நான் கட்டில்ல, அவன் என் இடத்துல."

பாட்டுக்காரன் நுரை கண்ணில் வழிவதைக்கூடத் துடைக்கவில்லை. "அவனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உன்னைக் கொன்னுடுவேன். கடைசிப் பரீட்சை வரைக்கும்தான்டா. அதுல தேறிட்டா பேரை மாத்தமாட்டாங்க."

"தேறினப்புறம்?"

"அங்க போய்ப் பாத்துக்கலாம்."

"அங்க போய் என்னத்தடா பாத்துக்குவே? அங்க கக்கூஸ் குழாய் இருக்கும், பிடிச்சிட்டுத் தொங்குவியா?"

"உனக்கு அது வேற தெரியுமா?"

"கதவுக்கு அடியில ஒத்தக்கால்தான் தெரியுது. நான் என்ன குருடனா?"

ஏணி சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே வேறு எதுவோ ஆயிற்று. முகத்தைக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் கொண்டுபோனான். பாட்டுக்காரன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "சரி, நான் எதையும் பாக்கல," என்று சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அவன் "மாத்து" என்று கத்துவானே தவிர, மாறும்படி கேட்கமாட்டான். அவனுடைய வலது உள்ளங்கையில் தோல் உரிந்து, சாப்பிடும்போது கரண்டியைப் பிடிக்க முடியாமல் விரல் நுனியால் பிடித்தான்.

பரீட்சைக்கு முதல்நாள் வாத்தியார் எல்லாரையும் தகரக் கொட்டகையில் உட்காரவைத்தார். ஏணி தூண் ஓரமாக நின்றுகொண்டான்.

"உக்காரு."

"இடம் இல்லைங்க."

"யானை உக்கார இடம் இருக்கு. சரி, நில்லு, உன் இஷ்டம்." அவர் கைத்தடியால் பலகையைத் தட்டினார். "நாளைக்கு அடிபட்டவன் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. நடுவுல வந்து நான் தொடுவேன். தொட்டவன் விழணும். கூடுதல் ஆள் பையைத் திறந்து, தலையிலேருந்து கால் வரைக்கும் கையை வெச்சுத் தடவிப் பாக்கணும். கைக்கு என்ன படுதோ அதைச் சத்தமா சொல்லணும். அப்புறம் கட்டு, தூக்கு, மேட்டுக்கு ஓடு. வண்டிக் கதவு சாத்தினா பரீட்சை முடிஞ்சது. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க."

"நடிப்புல அழுதா யாரும் நிறுத்தக்கூடாது. நிஜமாவே யாருக்காவது ஏதாவது ஆனா என்ன சொல்லணும்?"

"நிஜம், நிஜம்!" என்று கொட்டகையே கத்தியது.

அந்த விதி மூட்டையால் வந்தது. ஒருமுறை அவன் அடிபட்டவனாகப் படுத்திருந்தபோது சட்டைக்குள் குளவி புகுந்துவிட்டது. அவன் அலறிய அலறலைக் கேட்டு வாத்தியார், "பாருங்கடா, இதுதான் நடிப்பு" என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். அவனை ஸ்ட்ரெச்சரோடு வாரில் கட்டிப்போட்டு, மேடு வரைக்கும் குளவியோடேயே தூக்கிக்கொண்டு போனார்கள். அதிலிருந்துதான் இந்த ஏற்பாடு. பயிற்சியில் எதைச் சொன்னாலும் அது பொய். "நிஜம்" என்று இரண்டு தரம் சொன்னால் மட்டும் நிஜம்; அந்த நொடியே எல்லாம் நின்றுவிடும்.

மறுநாள் பொய் ஊருக்குள் நுழைந்தபோது ஏணி தைலத்தை ஒதுக்கிவிட்டு, பனியன் துணியை எலும்பு நோகும்படி இறுக்கிக் கட்டியிருந்தான். முதல் கதவு, இரண்டாவது கதவு, புகை. நொண்டாமல் ஓட வேண்டும் என்பதிலேயே அவன் கவனம் முழுவதும் இருந்தது. மேட்டை நிமிர்ந்து பார்த்தான். மூட்டையைத் தூக்கிக்கொண்டு அதில் ஏற முடியாது என்று அவனுக்கே அப்போது தெரிந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு முன் முடிந்தது, இன்று முடியாது. பாதி வழியில் முட்டி மடங்கும், நால்வரும் விழுவார்கள், எல்லாம் தெரிந்துவிடும்.

அப்போது முதுகில் கைத்தடி தொட்டது.

"நீதான். வயித்துல குண்டு. விழு."

ஏணி திரும்பி வாத்தியாரைப் பார்த்தான். வாழ்க்கையில் யாரையும் அவன் அவ்வளவு ஆசையோடு பார்த்ததில்லை.

"என்னடா இளிக்கிறே? வயித்துல குண்டு பட்டவன் இப்படியா சிரிப்பான்?"

ஏணி விழுந்தான். தரை சுட்டது. தூக்க வேண்டியதில்லை! தூக்கப்பட வேண்டியதுதான். வண்டிக் கதவு சாத்தும் வரைக்கும் படுத்துக் கிடந்தால் போதும், தேறியாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு, கேட்பவர்கள் நம்பும்படி முனகினான்.

மாப்பிள்ளை பக்கத்தில் மண்டியிட்டான். பையைத் திறக்கும் சத்தம்.

"தலை, ஒண்ணுமில்ல! கழுத்து, ஒண்ணுமில்ல! நெஞ்சு, ஒண்ணுமில்ல! வயிறு, ரத்தம்!" என்று கத்திக்கொண்டே கை இறங்கியது. அதோடு குரலைத் தாழ்த்தி, "மச்சான், தொப்பை விழுந்திருக்கு உனக்கு," என்றான்.

"சீக்கிரம் கட்டுடா."

"இடுப்பு, ஒண்ணுமில்ல! இடது தொடை, முட்டி, பாதம், ஒண்ணுமில்ல! வலது தொடை, ஒண்ணுமில்ல! வலது..."

கை நின்றது. ஏணி கண்ணைத் திறக்கவில்லை. கால்சட்டைக்கு மேலேயே அந்தக் கை முட்டியைச் சுற்றி வந்தது, கட்டை அழுத்தியது, கட்டுக்கு மேலும் கீழும் பிதுங்கியிருந்ததைத் தொட்டது. ஏணி முனகவில்லை. மூச்சை நிறுத்திக்கொண்டான்.

"மச்சான்."

"ஒண்ணுமில்லன்னு சொல்லு."

"என்ன இது?"

"ஒண்ணுமில்லன்னு சொல்லுடா, உன் காலைப் பிடிக்கிறேன்."

மாப்பிள்ளை கையை எடுத்தான். பிறகு நிமிர்ந்து கத்தினான். "வலது முட்டி! வீக்கம்! மடங்கல!"

"முட்டியா?" வாத்தியார் தூரத்திலிருந்து சிரித்தார். "நான் வயித்துலதானேய்யா சுட்டேன்? உன் இஷ்டத்துக்குக் கதையை நீட்டாதே. ஏத்து, கிளம்பு!"

ஏணிக்கு உயிர் வந்தது. பயிற்சியில் எதைச் சொன்னாலும் பொய்தானே. மாடுகள் இருவரும் வந்து முன்னால் பிடித்தார்கள். பாட்டுக்காரன் பின்னால் இடது பக்கம். ஏணியின் இடத்தில், வலது பின்மூலையில், மூட்டை.

"இத்தனை நாள் நான் மேல, நீ கீழ. இன்னைக்குத் தலைகீழா போச்சு," என்றான் மூட்டை. "என்னடா, எலும்புக்கூடு மாதிரி இருந்துட்டு இவ்வளவு கனம் கனக்குறே?"

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. மாப்பிள்ளை பக்கத்தில் ஓடிவந்தான். அவன் வாய் ஏணியின் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

"எப்போ ஆச்சு?"

"லாரியில."

"லாரியிலயா? அப்போலேருந்தா? அப்போலேருந்தா இந்தக் காலோட தூக்கிட்டிருக்கே?"

"தூக்கினேன்ல? என்ன குறைஞ்சுபோச்சு?"

"எதுக்கு மச்சான்? எதுக்குன்னு சொல்லு."

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா? மேல பாத்து ஓடு, கல்லு தடுக்கப்போகுது."

"அவ கேட்டாளா?"

ஏணி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

"எனக்காக உன் காலை அறுத்துக் குடுக்கச் சொல்லி அவ கேட்டாளா?"

"அவ ஒண்ணும் கேக்கல. அவளுக்குக் காலைப் பத்தித் தெரியாது. மாப்ள, கேளு. அவ படுத்த படுக்கையா கிடக்கா. உன் பேரு வந்திருக்குன்னு காதுல விழுந்தா, அந்தக் குழந்தை... போன தடவை ஆஸ்பத்திரியில நீதானே கையில வாங்கினே? நான் சொல்லணுமா உனக்கு?"

"மாத்து!" என்று பாட்டுக்காரன் கத்தினான். குரல் உடைந்திருந்தது. நால்வரும் மாறினார்கள். அத்தனை நாளில் முதல் முறையாக நால்வரும் சரியாக மாறினார்கள்.

"உனக்குத் தெரியுமா?" என்று மாப்பிள்ளை அவனைப் பார்த்துக் கேட்டான்.

"நான் எதையும் பாக்கல," என்றான் பாட்டுக்காரன், மேட்டைப் பார்த்துக்கொண்டே.

சரிவு தொடங்கியது. மாடுகளின் மூச்சு இரைத்தது. மேலே வண்டியின் கதவு திறந்திருந்தது. அதன் உள்ளே இருந்த நிழல்கூட ஏணிக்குத் தெரிந்தது.

"இன்னும் கொஞ்ச தூரம்தான் மாப்ள. நீ ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா ஓடி வா. வாயைத் திறக்காம ஓடி வா, போதும்."

"அங்க போய் என்ன பண்ணுவே?"

"கட்டிக்குவேன். மாத்திரை போட்டுக்குவேன். எப்படியோ சமாளிப்பேன்."

அதுவரை பேசாமல் வந்த மூட்டை பேசினான். அவன் குரலில் கிண்டல் இல்லை. மூச்சு வாங்கியதால் ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது.

"ஏணி. நான் ஒண்ணு கேக்கவா? அங்க நான் விழுந்தா... நீதானே என்னைத் தூக்கணும்?"

"தூக்குவேன்."

"இந்த மாதிரி மேட்டுல?"

"தூக்குவேன்டா."

"என் பொண்ணுக்கு இப்பத்தான் பல்லு முளைக்குது. நிஜமா சொல்லு. தூக்குவியா?"

ஏணி வாயைத் திறந்தான். தூக்குவேன் என்று மறுபடி சொல்லத்தான் திறந்தான். சொல் வரவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டிருந்த நான்கு பேரின் கைநரம்புகளும் புடைத்துத் தெரிந்தன. மூட்டையின் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டி அவன் கழுத்தில் விழுந்தது.

மாப்பிள்ளை நின்றுவிட்டான்.

"வேணாம்," என்றான் ஏணி. "மாப்ள, வேணாம். உன் புள்ளைக்காகச் சொல்றேன். டேய்! நடங்கடா, யாரும் நிக்காதீங்க, நடங்க!" ஸ்ட்ரெச்சரிலிருந்து பாதி எழுந்து அவன் சட்டையை எட்டிப் பிடித்தான். வார் இழுத்தது. கைக்குச் சட்டையின் பொத்தான்தான் கிடைத்தது.

"நிஜம்," என்றான் மாப்பிள்ளை. யாருக்கும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும்படி கத்தினான்: "நிஜம்! நிஜம்!"

வெடிச்சத்தம் நின்றது. ஸ்ட்ரெச்சரை மெதுவாகத் தரையில் இறக்கினார்கள்.

முகாம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கத்தரியால் கட்டை வெட்டிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். "உள்ளே கிழிஞ்சிருக்கு. இதை வெச்சுக்கிட்டா ஓடினே?"

"ஓடலம்மா. ஓடுற மாதிரி காட்டினேன்."

"இனி அதுகூட முடியாது. கத்தி வைக்கணும்."

வாத்தியார் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். ஏணி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான்.

"ஐயா, வேற குழுவிலேருந்து யாரையாவது எடுங்க. அவனை மட்டும் விட்டுடுங்க. அவன் வீட்டுல..."

"தெரியும்யா. அவன் வீட்டுல பொண்டாட்டி படுக்கையில. பக்கத்துக் குழு கூடுதல் ஆளுக்கு அம்மா படுக்கையில. அதுக்கு அடுத்தவனுக்கு அம்மாவே இல்ல, அவனை அனுப்பினா நியாயமா?" அவர் குரல் ஏறவில்லை. "நீ மூஞ்சியைச் சுளிக்கிறப்பல்லாம் நல்லா நடிக்கிறான்னு நினைச்சிட்டிருந்தேன். என்னைச் சொல்லணும். பேரை மாத்தியாச்சு. படு."

அவர் போனபிறகு மாப்பிள்ளை வந்தான். கட்டில் ஓரத்தில், நீட்டியிருந்த காலில் இடிக்காமல் உட்கார்ந்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எதிரே இருந்த கட்டிலைப் பார்த்தார்கள். அதில் யாரும் இல்லை.

"சட்டைப் பொத்தானைப் பிச்சுட்டே," என்றான் மாப்பிள்ளை.

"உன் நாக்கைப் பிச்சிருக்கணும்."

"மச்சான், ஒரு உதவி. நான்தான் கத்தினேன்னு அவகிட்ட சொல்லாதே. நீ விழுந்துட்டேன்னு சொல்லு. உன்மேல கோபப்பட்டா நாலு நாள்ல ஆறிடும். என்மேல கோபத்தோட இருந்தா... நான் திரும்பி வராம போயிட்டா, அவ அதையே நினைச்சிட்டிருப்பா."

ஏணி தலையாட்டினான். அதற்குள் ஏணியின் போன் அடித்தது.

"அண்ணா." குரல் வேறு மாதிரி இருந்தது. "பாட்டுக்காரர் பொண்டாட்டி இப்பத்தான் பேசினா. என் வீட்டுக்காரர் பேரைச் சேத்துட்டாங்களாமே?"

"ஆமாம்மா. நீ முதல்ல நல்லா சாஞ்சு படுத்துக்கோ."

"ஏன்? என்ன ஆச்சு? யாரு விழுந்தா?"

"நான்தான். கால் மடங்கிடுச்சு."

"நீயா?" அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "யாரும் விழமாட்டாங்கன்னு சத்தியம் பண்ணினியே. நீதானேண்ணா பண்ணினே?"

"ஆமா."

"உன்னை நம்பித்தானே நான் கண்ணை மூடித் தூங்கினேன்? கொஞ்சம் பாத்துக் காலை வெக்கக்கூடாதா? என்ன அவசரம் உனக்கு? எங்க பராக்குப் பாத்துட்டிருந்தே?" அவள் அழவில்லை. அழக்கூடாது என்று சொல்லியிருந்ததால் ஒவ்வொரு சொல்லையும் பல்லுக்கு நடுவே கடித்துக் கடித்துச் சொன்னாள். "இப்ப நீ வீட்டுக்கு வருவே, உக்காந்து சாப்பிடுவே. உன் முகத்தை நான் எப்படிண்ணா பாப்பேன்?"

"பாக்க வேணாம்மா. நான் வரல."

"அவர்கிட்ட குடு."

மாப்பிள்ளை கையை ஆட்டினான், வேண்டாம் என்று. அவன் முகமெல்லாம் நனைந்திருந்தது.

"அவன் இங்க இல்லம்மா. வெளியில..."

"பொய் சொல்லாதே. அவர் மூக்கை உறிஞ்சுறது எனக்குத் தெரியாதா? உனக்குச் சத்தியமும் பொய்தான், எல்லாமே பொய்தான். என் வயித்துல இருக்கிறதுக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ என் அண்ணனே..."

மாப்பிள்ளை போனைப் பிடுங்கினான்.

"ஏய், நிறுத்து. அவனைச் சொல்லாதே. அவன் விழல. முட்டி கிழிஞ்சுபோய், உனக்காக, பொய் சொல்லிட்டு, இத்தனை நாளா என் கண்ணு முன்னாலயே... அவன் தேறியிருப்பான். நான்தான் நிறுத்தினேன். நான்தான் கத்தினேன்."

அவன் காதில் போனை வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். ஏணி அவன் முகத்தையே பார்த்தான். அங்கே எதுவும் அசையவில்லை.

"என்ன சொல்றா?"

மாப்பிள்ளை போனைக் காதிலிருந்து எடுத்து இருவருக்கும் நடுவே கட்டிலில் வைத்தான், சத்தத்தைக் கூட்டி. பேச்சு எதுவும் இல்லை. அந்தப் பக்கம் எங்கோ தண்ணீர்க் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. யாரோ அதை நிறுத்தினார்கள். பிறகு தூரத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"யாரும்மா போன்ல?"

"யாருமில்லம்மா," என்றாள் அவள்.

மாப்பிள்ளை எழுந்து போகப் பார்த்தான். ஏணி அவன் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தான்.

"இரு. இன்னும் கட் பண்ணல."